மாண்ட்ரியலில் ஒரு லெஃப்ட் அவுட்

பஸ்ஸில் தூங்கிப்போனதால்தான் அந்தக் கடைக்குள் காலடி வைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். பெங்களூரில் நான் வேலை பார்த்த டெலிபோன் தொழிற்சாலை, என்னை ஒரு குளிர்காலம் முழுக்கப் பயிற்சிக்காக மாண்ட்ரியலுக்கு அனுப்பியிருந்தது. இன்று அந்த ஊரில் பஸ் ஏறினால் யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழாமல் இறங்க முடியாது என்கிறார்கள். அன்று நிலைமை வேறு. பகலில் ஆபீஸ் ஆங்கிலம், தெருவில் பிரெஞ்சு, டவுன்டவுனில் எடுத்திருந்த வாடகை அறைக்குத் திரும்பினால் ரேடியேட்டர் குழாயின் சத்தம். சில நாட்கள் கண்ணாடி முன்னால் நின்று, "என்னப்பா, சாப்பிட்டியா?" என்று சும்மா கேட்டுப் பார்ப்பேன். குரல் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

அந்தச் சனிக்கிழமை காய்கறி வாங்கலாம் என்று கிளம்பினேன். அங்கே மெட்ரோவுக்கு ரப்பர் டயர். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதுவரை எல்லாம் சரி. ஸ்டேஷனில் இறங்கி பஸ் மாறினேன். சீட்டுக்கு அடியில் ஹீட்டர். காலில் சூடு ஏறியதும் கண் செருகிவிட்டது. டிரைவர் தோளைத் தட்டி எழுப்பியபோது மார்க்கெட்டும் இல்லை, காயும் இல்லை. கால்வாயைத் தாண்டி பாயின்ட் சென்ட் சார்ல்ஸ் என்ற தொழிலாளர் பேட்டைக்கு வந்திருந்தோம். ரயில் பட்டறைகள், ஒட்டி ஒட்டிச் செங்கல் வீடுகள், இடுப்பளவு பனி. அடுத்த பஸ் எப்போது என்று கேட்டேன். அவர் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு 'போன்ஷூர்' தவிர எதுவும் புரியாத காலம். காது மடல் மரத்துப்போய், உடைந்து கையோடு வந்துவிடும் போலிருந்தது. எதிரே சிவப்பு எழுத்தில் 'தாவேர்ன்' என்று எரிந்துகொண்டிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

தாவேர்ன் என்றால் பியர்க் கடை. அந்தக் காலத்தில் பெண்களுக்கு அனுமதி கிடையாது. வாசலிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். உள்ளே ஈரக் கம்பளி, பியர், வினிகர் மூன்றும் கலந்த வாசனை. சின்னச் சின்ன வட்ட மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு உப்பு டப்பி. உப்பு சாப்பாட்டுக்கு இல்லை, பியரில் தூவிக் குடிப்பதற்கு. கல்லாவில் பெரிய கண்ணாடி ஜாடி நிறைய வினிகரில் ஊறிய முட்டைகள். சுவரின் உச்சியில் டிவி. அதில் ஐஸ் ஹாக்கி.

ஒரு விரலைக் காட்டி ஒரு கிளாஸ் கேட்டேன். மார்செல் என்ற சர்வர் இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். ஒன்று போதும் என்று தலையாட்டினேன். பக்கத்து மேஜையில் இருந்த கிழவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "இங்கே ஒற்றையாகத் தரமாட்டார்கள். இரண்டு இரண்டாகத்தான் வரும்." அவர் பெயர் கஸ்தோன். துறைமுகத்தில் மூட்டை இறக்கி ஓய்வு பெற்றவர். அந்தக் கடையில் எனக்குப் புரியும்படி பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. டிவியில் ஒரு ஆட்டக்காரன் ரப்பர் வட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளாமல் தானே அடித்துக் கோட்டைவிட்டான். மூலையிலிருந்து ஒரு குரல் பாய்ந்தது.

"அடப்பாவி! லெஃப்டுல ஆளு சும்மா நிக்கிறான் பாரு! அவனாண்ட குடுடா!"

நான் எழுந்த வேகத்தில் ஒரு கிளாஸ் கவிழ்ந்தது. மூலை மேஜையில் குள்ளமான ஒரு மனிதர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நரை கண்ட முடியைப் படிய வாரியிருந்தார். கனமான கோட்டுக்குள்ளே வெள்ளைச் சீருடை.

"நீங்க தமிழா?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னா, ஆகாசத்துல இருந்து குதிச்சியா?"

"பெங்களூர். அல்சூர்."

"அட! நான் ஆஸ்டின் டவுன்பா. உக்காரு, உக்காரு. பேரு சின்னப்பன். இங்க ஆஸ்பத்திரி லாண்டரில வேலை."

எங்கள் ஊரில் கால்பந்துக்குப் பேர்போன ஆஸ்டின் டவுன், சின்னப்பன், லெஃப்டில் ஆள் நிற்கிறான். என் தலைக்குள் மூன்றும் ஒன்றுசேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "லெஃப்ட் அவுட் சின்னப்பனா?" என்றேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நீ பாத்திருக்கியா?" என்றார். "நான் ஆடி நீ பாத்திருக்கியா?"

பார்த்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஐரோப்பாவிலிருந்து ஓர் அணி எங்கள் ஊருக்கு வந்து ஆடியது. கேலரியில் இடமில்லாமல் ஜனங்கள் மரத்திலும் மதிலிலும் தொத்திக்கொண்டிருந்தார்கள், நானும் ஒரு மரத்தில். நாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்று, இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் அவுட்டான சின்னப்பன் போட்டது. இடது கோட்டை ஒட்டி அவர் ஓடிவந்ததும், மலை மாதிரி இரண்டு வெள்ளைக்காரர்கள் குறுக்கே வந்ததும், அவர்கள் நடுவே பந்து போன வழி யாருக்கும் தெரியாமல் வலை மட்டும் ஆடியதும் இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது. சில நாட்களில் அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து, அல்சூர் ஏரிப் பக்கத்து பாரில் ஈரல் வறுவலோடு உட்காரும் வயது வந்தபோது, அவர் அங்கே வெறும் பேச்சாகத்தான் இருந்தார். ஜெயித்த டீமும் தோற்ற டீமும் ஒரே பாருக்கு வந்து ஒரே சண்டையை மறுபடி போடுகிற ஊர் அது. எந்தச் சண்டையும் கடைசியில் "சின்னப்பன் இருந்திருந்தா" என்றுதான் முடியும்.

கல்கத்தாவில் ஆட்டம் முடிந்தபின் கப்பல் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்து, மாண்ட்ரியலில் இறங்கித் தங்கிவிட்டாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஆச்சுப்பா, காலம் ஓடிப்போச்சு" என்று அதை முடித்துக்கொண்டார்.

அதன்பின் சனிக்கிழமை என்றால் எனக்கு பாயின்ட் சென்ட் சார்ல்ஸ்தான். பஸ்ஸில் தூங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். மார்செல் நான் கேட்காமலே இரண்டு கிளாஸ் வைப்பார். பட்டாணி சூப், வறுத்த ரொட்டி, ஊறிய முட்டை. முட்டையின் மேல் சின்னப்பன் அண்ணா சட்டைப் பையிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்துத் தூவுவார். வாரத்தில் மற்ற நாட்கள் எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்துக்குப் போகும் வழியாக ஆகிவிட்டன.

நடுவில் ஒரு ஞாயிறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருந்த ஒரு தமிழ் எஞ்சினியர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். புது வீடு, புது கார். வத்தக்குழம்பு வாயில் பட்டதும் எனக்குக் கண்ணே கலங்கியது. சந்தோஷத்தில் சின்னப்பனைப் பற்றிச் சொன்னேன். "அப்படியா, இங்கே என்ன பண்றார்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரி லாண்டரி என்றேன். "ஓ," என்றார். அவர் மனைவி, "இன்னும் கொஞ்சம் ரசம் விட்டுக்கோங்க," என்றார். பேச்சு வீட்டுக் கடன் வட்டிக்குப் போயிற்று. பாலத்தின் மேல் பஸ்ஸில் திரும்பும்போது, அந்த வீட்டில் இருந்ததைவிட அந்தப் பஸ்ஸில் எனக்குத் தனிமை குறைவாக இருந்தது.

பிப்ரவரி கடைசியில்தான் அது நடந்தது. கஸ்தோனுக்குச் சின்னப்பன் அண்ணாவைச் சீண்டுவது வாடிக்கை. 'சாம்பியன்' என்றுதான் கூப்பிடுவார். அன்றும், "சாம்பியன் இந்தியாவுக்கே ஆடியவராம், லட்சம் பேர் பார்த்தார்களாம்," என்று என்னிடம் கண்ணடித்தார்.

அண்ணா என் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, நீ சொல்லு இவனுக்கு. நீ பாத்தவன். கண்ணால பாத்தவன்."

எழுந்து நின்றேன். வாரம் முழுக்க எவரிடமும் பேசாமல் அடைந்து கிடந்த பேச்சு மொத்தமும் வாய்க்கு வந்தது. முதலில் ஒரு குழப்பம். அங்கே ஃபுட்பால் என்றால் தலையில் கவசம் மாட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அது இல்லை, காலால் ஆடுவது என்று விளக்கினேன். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கஸ்தோன் மற்றவர்களுக்குப் பிரெஞ்சில் சொன்னார். மரத்தில் தொத்திய ஜனங்கள், இரண்டு வெள்ளைக்கார ராட்சதர்கள், இடது கோடு. எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். மார்செல்கூடத் தட்டோடு நின்றுவிட்டார். இதற்குமேல் ஒரு மகுடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"இவ்வளவும் வெறுங்காலோடு!" என்றேன். "எதிரிகள் எல்லாம் பூட்ஸ். எங்கள் ஆட்களுக்கு வெறும் கால்!"

கஸ்தோன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பூட்ஸ் இல்லாமலா?"

"இல்லாமல்தான்!"

அவர் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் கடையே வெடித்தது. பிறகு கஸ்தோன் தன் பனிக்கால பூட்ஸைக் கழற்றினார். ஓட்டை விழுந்த கம்பளி சாக்ஸோடு காலைத் தூக்கி மேஜைமேல் வைத்து, "பாருங்கள், நானும் இந்தியாவுக்கு ஆடுகிறேன்!" என்றார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

சின்னப்பன் அண்ணாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டினார். ஒரு கிளாஸ் தொடப்படாமல் மேஜையில் இருந்தது. "வரேன்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூலை மேஜையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல் மார்செல் இரண்டு கிளாஸ் வைத்தார். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த வெறுங்காலுக்காகத்தான் நாங்கள் அவரைக் கொண்டாடினோம்.

கடைசியில் கஸ்தோனே எழுந்து என்னிடம் வந்தார். "அவர் வீடு எனக்குத் தெரியும். வா," என்றார். தெருமுனையில் டெபனர் என்று அவர்கள் சொல்லும் பெட்டிக்கடை ஒன்று, அதற்கு மேலே மாடி. இரும்புப் படிக்கட்டில் பனி உறைந்து கிடந்தது. கஸ்தோன் மேலே ஏறவில்லை. "அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை என்று சொல்," என்றார்.

கதவு திறந்தது. "உள்ள வந்து கதவைச் சாத்து, சூடு போயிடும்," என்றார் அண்ணா. நான் வந்ததில் அவருக்கு ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை. ஒரே அறை. அடுப்பில் முட்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கட்டிலுக்குத் திரும்பிப்போய், வெந்நீர் வைத்த பிளாஸ்டிக் பேசினில் காலை விட்டுக்கொண்டார்.

கஸ்தோன் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "உம்," என்றார்.

"அண்ணா, நான் பெருமையாத்தான் சொன்னேன்."

"தெரியும்பா. அதனாலதான் உன்ன திட்ட வாய் வரல." "அவங்களாண்ட பூட்ஸ் போட்டு ஆடுனேன்னு சொல்லி வெச்சிருந்தேன். வந்த புதுசுல லாண்டரில ஒருத்தன் கேட்டான், உங்க ஊர்ல வீடெல்லாம் மரத்து மேலயான்னு. அவனாண்ட போயி வெறுங்கால்ல ஆடுனேன்னு சொல்லுவியா நீ?"

அவர் வலது காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துண்டின்மேல் வைத்தார். கட்டை விரலில் நகமே இல்லை. சுண்டு விரல் உடைந்து, கோணலாகப் பக்கத்து விரலின்மேல் ஏறிக் கிடந்தது. பாதத்தின் மேல்பக்கம் பழைய தழும்புகள், வட்ட வட்டமாக.

"உங்களுக்கு அது வேடிக்கை," என்றார். "கேலரில நின்னுக்குனு வெறுங்கால், வெறுங்கால்னு கத்துனீங்க. எனக்கும் காதுல வுழுந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா காலு என்னுது தம்பி."

பிறகு கல்கத்தாவைப் பற்றிச் சொன்னார். பூட்ஸ் போட்டால்தான் ஆடலாம் என்று விதி வந்ததாம். கிளப்பில் நல்ல தோலில் புது ஜோடி வாங்கிக் கொடுத்தார்களாம். "மாட்டிக்குனு ஓடுனா பந்து எங்க இருக்குன்னே தெரியல. எனக்குக் கால்லதான் கண்ணு இருந்துச்சு. அதைக் கட்டிப்போட்டாப்ல ஆயிடுச்சு. ஒரே சீசன். அப்புறம் கூப்புடல." பூட்ஸ் இல்லாததால் அடிபட்ட கால், பூட்ஸ் வந்ததும் வேலையை இழந்திருந்தது. எங்கள் ஊர் பாரில் இது யாருக்கும் தெரியாது. காயம் பட்டு ஒதுங்கிவிட்டார், செத்தே போய்விட்டார் என்று ஆளுக்கு ஒன்றாகப் பேசிக்கொள்வோம்.

இரண்டு தட்டில் சோறு போட்டார். குழம்பில் காரம் தூக்கலாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருவரும் சாப்பிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்பே அவர் மூலை மேஜையில் இருந்தார். எதிரில் கஸ்தோன். மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. கஸ்தோன் உப்பு டப்பியை நகர்த்தி மேஜை நடுவில் வைத்து, "கோல்கீப்பர் எங்கே நின்றான்? காட்டு," என்றார்.

அண்ணா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உப்பு டப்பியை ஓரமாகத் தள்ளினார். காலி கிளாஸ்களை எடுத்து இரண்டு ராட்சதர்களையும் நிறுத்தினார். ஜாடியிலிருந்து ஒரு முட்டை வாங்கினார், அது பந்து. உடைந்த ஆங்கிலத்தில், நடுநடுவே பிரெஞ்சில், பழக்கதோஷத்தில் தமிழில், அந்த ஓட்டத்தை மேஜையின் இடது விளிம்பில் விரலாலேயே ஓடிக் காட்டினார். நான் மரத்திலிருந்து பார்த்தது பாதிதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. முதல் ஆளைத் தாண்டும்போதே அவன் பூட்ஸின் அடி ஆணி காலில் ஏறிவிட்டதாம். அதன்பிறகு ஓடியதெல்லாம் அந்தக் காலோடுதான்.

"அப்போதும் பூட்ஸ் இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"இல்லை," என்றார் அண்ணா.

கஸ்தோன் அதைப் பிரெஞ்சில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. முட்டை உப்பு டப்பியைச் சுற்றிக்கொண்டு மேஜை விளிம்பைத் தாண்டி விழுந்தது. மார்செல் பாய்ந்து பிடித்தார். கைதட்டினார்கள். "அப்புறம்? ஜெயித்தீர்களா?" என்று மார்செல் கேட்டார். "இல்லையே, மூணு வாங்கினோம்," என்றார் அண்ணா. அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். முன்பு பார்த்த சிரிப்பு இல்லை அது.

ஏப்ரலில் பனி உருகித் தெருவெல்லாம் சேறானபோது என் பயிற்சி முடிந்தது. விமான நிலையத்துக்குப் போகும் பஸ் ஏறுமிடத்துக்கு அண்ணா லாண்டரிச் சீருடையோடு வந்திருந்தார். பஸ் கிளம்பும் நேரத்தில் சொன்னார்: "ரத்தினம்னு எங்க டீம்ல ஃபுல் பேக். ஏரிப் பக்கத்து பார்லதான் கெடப்பான், உசுரோட இருந்தா."

"பாத்தா என்ன சொல்லட்டும்?"

"பாத்தேன்னு சொல்லு."

பெங்களூரில் அப்போது மே மாத மழை. ரத்தினம் உயிரோடுதான் இருந்தார். பெருத்த உடம்பு, பாரின் வாசலோரத்து மேஜையில் நான்கைந்து பழைய ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். மாண்ட்ரியலில் சின்னப்பனைப் பார்த்தேன் என்று நின்றபடியே சொன்னேன்.

"எந்தச் சின்னப்பன்? லெஃப்ட் அவுட்டா? அவன் கல்கத்தாவுல செத்து எவ்ளோ வருஷமாச்சு. சர்ச்சுல பூசையே வெச்சோமே சார்."

"சார் வேற யாரையோ பாத்துட்டு வந்து சொல்றாரு," என்றார் இன்னொருவர். "கனடாவுல ஒரு சின்னப்பனா?" என்று சிரித்தார்கள். அடையாளம் எல்லாம் சொன்னேன். ஆள் குள்ளம், ஆஸ்டின் டவுன், மிளகாய்த்தூள். ஆஸ்டின் டவுனில் யாருக்குத்தான் மிளகாய்த்தூள் பிடிக்காது என்றார்கள். கடல் தாண்டிக் கொண்டுவந்த செய்தியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்களே என்று இருந்தது எனக்கு.

"சரி, இன்னா சொல்லி அனுப்பினான்?" என்றார் ரத்தினம்.

"பாத்தேன்னு சொல்லச் சொன்னார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

ரத்தினம் கிளாஸைக் கீழே வைத்தார். "அப்போ அவனேதான்," என்றார், மற்றவர்கள் பக்கம் திரும்பி. "பந்தக் குடு குடுன்னு நம்மளப் போட்டுக் கத்துவானே தவிர, ஒருத்தனுக்கு எதையாவது குடுத்திருக்கானா?" யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தனியாவா இருக்கான்?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றால் பொய்.

"நான் இருந்த வரைக்கும் ரெண்டு பேர் இருந்தோம்," என்றேன்.

ரத்தினம் மெல்லத் தலையாட்டினார். பிறகு சர்வரைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.